ஆறு பாய் அறை

ராஜையன் அந்த ஜெராக்ஸ் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, காலாவதியான பஸ் பாஸைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"வீட்டுப் படம்னு சொன்னிய. எனக்குப் பாத்தா சீட்டு வெளாடுன களம் மாரி இருக்கு மேடம்."

"அதெல்லாம் பாய் அண்ணே. ஆறு பாய் விரிச்ச அறை," என்றாள் ஷெர்லி.

"ஆறையும் விரிச்சுப் போட்டா பொறவு ஆளு எங்கன நடக்கும்?"

"பாய் மேலதான். ஜப்பான் வீட்டுல பாய்தான் தரை."

ராஜையன் இருபத்தாறு வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கோட்டாறில் மாடி அறை ஒன்றில் ஷெர்லி நடத்தும் துப்பறியும் நிலையத்தில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஷெர்லிக்கு நாற்பத்தொன்று. அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எரிந்துபோன கடைகள் தானாக எரிந்தனவா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பொய் சொல்கிறவர்களிடம் அவளுக்குப் பொறுமை அதிகம். அவர்களைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த ஆன்ஸ்லின் இந்தப் பேச்சுக்குச் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வயது. கட்டிடக் கலைஞர். கியோட்டோவில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவள். பேச்சிப்பாறை அணைக்கரையில் ராஜமணி என்ற எஸ்டேட்காரருக்கு அவள் கட்டிக்கொடுத்த ஜப்பானிய வீடு, சென்னை அமைப்பு ஒன்றின் பரிசுக்கு வந்த வேலைகளில் கடைசி மூன்றில் ஒன்றாக நிற்கிறது. சனிக்கிழமை நடுவர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள். இன்று வியாழன்.

போன வாரம் அந்த அமைப்புக்கும் ராஜமணிக்கும் பெயரில்லாத கடிதம் ஒன்று போயிருக்கிறது. மூன்றே வரி. "பேச்சிப்பாறை வீட்டை வடிவமைத்தவர் ஆன்ஸ்லின் அல்ல. மூல வரைபடத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. ஆறு பாய் அறையைப் பாருங்கள்." இணைத்திருந்த நகலின் கீழ்மூலையில் ஒரு கையெழுத்து: ஷிஜின், கியோட்டோ, 2014.

"யாருக்க மேல சந்தேகம்?" என்று ஷெர்லி கேட்டாள்.

"ஷிஜின்தான் அக்கா. கியோட்டோவுல எனக்க கூடப் படிச்சவன். இப்ப கொட்டாரத்துல ஆபீஸ் வச்சிருக்கான். இதே பரிசுக்கு அவனும் அனுப்பினான். மூணுல அவன் வரல்ல, நான் வந்தேன்."

"இந்தப் படத்த நீங்க முன்ன எப்பயாவது—"

"இல்ல, கண்டதே இல்ல."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. ஷெர்லி தலையசைத்துக்கொண்டாள்.

"எனக்க பிளானைப் பாத்து வரைஞ்சிருக்கான். பழைய தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுட்டான். அத மட்டும் நிரூபிச்சுத் தாங்க. சனிக்கிழமைக்குள்ள வேணும்."

ராஜையன் நீட்டிய ஒப்பந்தத் தாளில் இடக்கையால் விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் ராஜையன் பெருமூச்சு விட்டார்.

"வடசேரில புதுசா ஒருத்தன் ஏசி போட்டு டிடெக்டிவ் ஆபீஸ் தொறந்திருக்கான். அங்க போவாம இந்தப் புள்ள இங்க வந்ததே கர்த்தருக்க கிருபை."

"உங்களுக்கு அவன் மேல குசும்பு. வயிறு எரியுது."

"குசும்பு இல்ல மேடம். அவனுக்க ஏசி கெட்டுப் போவணும்னு ஒரு சின்ன ஜெபம். அவ்வளவுதான்."

* * *

குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்குள் ஷெர்லியின் பழைய மாருதி திணறி ஏறியது. மரங்கள் விலகிய இடத்தில் அந்த வீடு தெரிந்தது. சுவரைவிடக் கூரைதான் பெரிது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நாலுபுறமும் மரத்தாழ்வாரம் ஓடியது. கதவுகளெல்லாம் வெள்ளைக் காகிதம் ஒட்டிய தள்ளுகதவுகள்.

"எல்லாம் அயினி மரம். மரத்தை மரத்துல கோத்து நிறுத்தினது. ஒரு ஆணி கிடையாது," என்றாள் ஆன்ஸ்லின்.

"எனக்க வீட்டுல ஆணி மட்டுந்தான் ஒழுங்கா நிக்குது," என்றார் ராஜையன்.

தாழ்வாரத்தில் ஒருவர் தள்ளுகதவு ஒன்றைக் கழற்றி மடியில் வைத்து, அதன் அடிக்கட்டையில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த கைகள்.

"எனக்க வீட்டுக்காரர், ஜெப்சன். சைட் வேலை முழுக்க இவருதான் நின்னு பாத்தது."

ஜெப்சன் எழுந்து கைகூப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"நீங்களும் இதுக்குத்தான் படிச்சியளா?" என்று ராஜையன் கேட்டார்.

"டிப்ளமோதான். டோக்கியோவுல ஒரு கம்பெனில ஆறு வருசம் சைட் சூப்பர்வைசர். மர வீடு கெட்டுற கம்பெனி."

"அப்ப ஜப்பான்ல வச்சே பழக்கமா?"

"இவரு டோக்கியோ, நான் கியோட்டோ. ரெண்டும் ரெண்டு ஊரு," என்று இடையில் பதில் சொன்னது ஆன்ஸ்லின். "நிச்சயம் பண்ணிட்டுத்தான் நான் படிக்கவே போனேன்."

அவள் ஷெர்லியை உள்ளே அழைத்துப் போனாள். ஆறு பாய் அறையில் வைக்கோலும் கோரையும் கலந்த மணம். மூன்று விரல் கனமுள்ள பாய்கள் இடுக்கில்லாமல் பொருந்திக் கிடந்தன. எதிர்ச்சுவரில் உள்வாங்கிய மாடம். அதில் ஒரு படமும் ஒரு பூவும் வைத்தால் போதும், வேறு அலங்காரம் அறைக்குக் கிடையாதாம். மாடத்துக்கு முன்னால் தாழ்வான எழுத்து மேசை.

ஷெர்லி டேப்பை நீட்டி ஒரு பாயை அளந்தாள். நூற்றுத் தொண்ணூற்றொரு சென்டிமீட்டர் நீளம்.

"அது கியோட்டோ அளவு," என்றாள் ஆன்ஸ்லின். அவள் குரலில் முதல்முறையாகப் பெருமை ஏறியது. "அங்க பாய்தான் ராஜா. முதல்ல பாயை விரிச்சு, பொறவு அதைச் சுத்தித் தூணை நிறுத்துவாங்க. தூணுக்காகப் பாயை வெட்ட மாட்டாங்க."

ஷெர்லி மேசை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அளவைக் குறிப்பேட்டில் எழுதினாள். எழுத எழுத, அவள் கையின் நிழலே எழுத்தின் மேல் விழுந்தது. ஜன்னல் வலப்பக்கம் இருந்தது.

"வெளிச்சம் இந்தப் பக்கமா வருதே?"

"அந்தப் பக்கம்தான் அணை. தண்ணி தெரியணும்லா."

ஷெர்லி ஜன்னலை மெல்லத் தள்ளிப் பார்த்தாள். ரப்பர் மரங்கள் நின்றன. தண்ணீர் வீட்டுக்கு மறுபுறம், தாழ்வாரத்துப் பக்கம் பளபளத்தது. ஜன்னலை மூடினாள்.

திரும்பும் வழியில் ராஜையன் பேச ஆரம்பித்தார்.

"வெளில ஒரு பத்திரிகை கெடந்து. அந்தப் புள்ளைக்க பேட்டி. 'கூடப் படித்த ஷிஜினுடன் கோயில் தாழ்வாரங்களில் நடந்து பேசியபோதுதான் இந்த வீடு எனக்குள் உருவானது'ன்னு போட்டிருக்கு. அந்த ஒரு பக்கம் மட்டும் பஸ் கம்பி மாரி தேஞ்சு போயிருக்கு மேடம். ஆளு மாறி ஆளு பிடிச்சா கம்பி தேயும். ஒரே ஆளு பிடிச்சுத் தேய்க்கணும்னா எத்தனை வாட்டி பிடிக்கணும்?"

"வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

"வீடு கொள்ளாம், நல்லா இருக்குன்னு சொன்னேன். 'ஆன்ஸ்லினுக்க வீடு'ன்னாரு. சொல்லிட்டு மெழுகு தேச்சாரு பாருங்க, அந்தக் கதவு இனி தானா உருண்டு நாகர்கோவில் போய்ச் சேந்துரும்."

* * *

வெள்ளிக்கிழமை காலை. கொட்டாரத்தில் ஷிஜினின் அலுவலக ஜன்னலுக்கு வெளியே வயல் பச்சை. அவன் குளச்சல் கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளை. அகன்ற தோள், சவரம் செய்யாத முகம். கடிதத்தைப் படித்து முடித்ததும் அவன் கோபப்படுவான் என்று ஷெர்லி எதிர்பார்த்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"எனக்குக் குசும்பு உண்டு அக்கா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அந்த வீட்டைப் பாக்க மூணு வாட்டி பேச்சிப்பாறைக்குப் போனேன். மூணு வாட்டியும் கேட்டுக்கு வெளிய நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். உள்ள போனா நல்லா இருக்குன்னு சொல்ல வேண்டி வரும். ஆனா இது நான் எழுதினது இல்ல."

"கையெழுத்து?"

"எனக்க கையெழுத்து மாரி போட்டிருக்கான். போட்டவன் நான் எழுதின ஏதோ வாழ்த்து அட்டையைப் பாத்திருக்கான். ஆபீஸ் கையெழுத்து இப்பிடி இருக்காது." வரைபடத்தை அருகே இழுத்தான். இரண்டு நிமிடம் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் சிரித்தான். "இதைக் கியோட்டோவுல கொண்டு குடுத்திருந்தா எங்க வாத்தியார் என்னை மறு வண்டில ஊருக்கு அனுப்பியிருப்பாரு."

"ஏன்?"

"அளவு எங்க இருந்து எங்க போட்டிருக்குன்னு பாருங்க. இந்தத் தூணுக்க நடுவுல இருந்து அடுத்த தூணுக்க நடுவுக்கு. இது டோக்கியோ பழக்கம். அங்க முதல்ல தூணை நட்டுருவாங்க. பொறவு உள்ள மிச்சம் இருக்குத எடத்துக்குத் தக்கனப் பாயைச் செய்வாங்க. கியோட்டோவுல நேர் மறிச்சு. ஒரு பாய்க்கு அரை அடி வித்தியாசம் வரும்."

"ஒரே நாட்டுல ரெண்டு பாயா? ஒரே ரூட்டுல ரெண்டு டிக்கெட் மாரி," என்றார் ராஜையன்.

"பாயே முதல்ல தரை இல்ல அண்ணே. ஆயிரம் வருசம் முன்ன பிரபுக்க வீடு பெரிய மரத்தளம்தான். சுவரு கிடையாது, திரையும் தட்டியும் வச்சு மறைப்பாங்க. உக்காருற ஆளுக்கு மட்டும் ஒரு பாய். ஆளு பெரியவருன்னா பாய் கனமா இருக்கும். அதைப் பாத்து அடுத்தவனுக்கு வயிறு எரியும். பொறவு போர்வீரங்க காலம் வந்தது. அறையைச் சின்னதாக்கி, சுவருல இருந்து சுவரு வரைக்கும் பாய் விரிச்சாங்க. தள்ளுகதவு, மாடம், எழுதுத மேசை எல்லாம் அப்ப வந்ததுதான். அதுக்கும் பொறவு தேநீர்க் குடில்காரங்க வந்து, இவ்வளவு மினுக்கம் வேண்டாம், மண் சுவரு போதும், பட்டை உரிக்காத தூண் போதும்னாங்க. ஆன்ஸ்லினுக்க வீடு அந்தக் கடைசி வகை. நல்ல வீடு." கடைசி இரண்டு சொற்களைச் சொல்லும்போது அவன் வயலைப் பார்த்தான்.

ஷெர்லி முன்னால் குனிந்தாள். "ஷிஜின், நான் அந்த வீட்டுப் பாயை அளந்தேன். கியோட்டோ அளவு. அப்ப அந்த வீட்டைப் பாத்து யாராவது இந்தப் படத்தைத் திருட்டுத்தனமா வரைஞ்சிருந்தா?"

"கியோட்டோ அளவுதான் வந்திருக்கும்."

"இதுல டோக்கியோ அளவு இருக்கு."

"அப்ப வீட்டைப் பாத்து வரைஞ்சதில்ல." அவன் நெற்றியைத் தடவினான். "ஆனா அறை, மாடம், தாழ்வாரம், எல்லாம் அச்சு அசலா அதே வீடுதான்."

ஷெர்லி பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். "இன்னொண்ணு. தாளுல மடிப்பு விழுந்த எடமெல்லாம் நகல்ல தெரியுது. எட்டா மடிச்சு ஒரு சின்னக் கவர்ல போட்டிருக்காங்க. மடிப்பு வார எடத்துல வீட்டுக் கோடெல்லாம் தேஞ்சு அறுந்து கெடக்கு. உங்க பேருல இருக்குத கையெழுத்தும் ஒரு மடிப்பு மேலதான் போவுது. அது அறுபடல்ல."

ராஜையன் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "டிக்கெட் பழசு, பஞ்ச் புதுசு."

"அதேதான் அண்ணே. படம் பல வருசம் மடிஞ்சு கெடந்தது. கையெழுத்து இப்பப் போட்டது."

ஆன்ஸ்லின் சொன்ன கதை தலைகீழாகிவிட்டது. வீட்டைப் பார்த்துப் படம் வரையவில்லை என்றால், படத்தைப் பார்த்துத்தான் வீடு.

"ஜன்னல் வலப்பக்கம் இருக்கே," என்றாள் ஷெர்லி. "அது வழக்கமா?"

"இல்ல. மாடத்தைப் பாத்து உக்காந்தா வெளிச்சம் இடது பக்கமா வரணும். எழுதுத கைக்கு நிழல் விழாது. இடம் ஒத்துவராட்டி மாத்தி வைக்கது உண்டு. ஆனா இந்தப் படத்துல இடமே இல்ல பாருங்க. ரோடு இல்ல, ஆறு இல்ல, வெறும் வீடுதான். மனசுல கெட்டுன வீடு. அதுல எதுக்கு வேணும்னே மாத்தி..."

அவன் பேச்சு நின்றது. தன் வலக்கையைப் பார்த்தான், பிறகு இடக்கையை.

"ஆன்ஸ்லின் இடக்கையாலதான் எழுதுவா," என்றான் மெதுவாக. "கிளாஸ்ல எப்பவும் பெஞ்சுக்க ஓரத்துலதான் உக்காருவா. அடுத்தவனுக்க கை இடிக்கும்னு."

ஷெர்லி எழுந்துவிட்டாள். அந்த மேசையில் எந்தப் பெண் உட்கார்ந்து எழுதப் போகிறாள் என்று தெரிந்த ஒருவன், அவள் கையின் நிழல் அவள் எழுத்தின் மேல் விழாதபடி ஒரு வீட்டையே திருப்பி வரைந்திருக்கிறான்.

கார் சுசீந்திரம் தாண்டிய பிறகுதான் ராஜையன் வாய் திறந்தார்.

"நான் எனக்க பொண்டாட்டிக்கு வரைஞ்சு குடுத்தது ஒண்ணே ஒண்ணு மேடம். ரேஷன் கடைக்குப் போற வழி."

ஷெர்லி சிரித்தாள். ஆனாலும் உள்ளே எங்கோ சுருக்கென்று இருந்தது. தனக்கென்று யாரும் ஒரு ஜன்னலைக்கூட வரைந்ததில்லை. நகலை மட்டுமே பார்த்த ஒரு பழைய தாளின் மேல் அவளுக்கு அந்த நிமிடம் பொறாமை வந்தது.

* * *

பேச்சிப்பாறையில் ஜெப்சன் முற்றத்துச் சரளைக் கற்களை வாரிச் சமன் செய்துகொண்டிருந்தார். ஷெர்லி தாழ்வாரத்தில் உட்கார்ந்து நகலைத் தன் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"டோக்கியோவுல இருந்து எந்த வருசம் அனுப்பினிய?" என்று கேட்டாள்.

ஜெப்சன் கல் வாரும் மரச்சீப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து எதிரே நின்றார். மறுக்கவில்லை.

"பதிமூணு. அவ கியோட்டோ வந்து ரெண்டு மாசம். நிச்சயம் பண்ணிட்டாங்களே தவிர நாங்க ஒழுங்கா பேசினதே இல்ல. போன் போட்டா எனக்கு வாய் வராது. எல்லாரும் கடுதாசி எழுதுவாங்க. எனக்கு எழுதவும் வராது. ஒரு ஞாயித்துக்கிழமை பூரா இருந்து இத வரைஞ்சேன். கவருக்க மேல 'உனக்கு'ன்னு மட்டும் எழுதி அனுப்பினேன்."

"என்ன பதில் வந்து?"

"'பத்திரமா வச்சிருக்கேன்'னு ஒரு வரி." ஜெப்சன் கைகளை வேட்டியில் துடைத்தார். "பத்திரமாத்தான் வச்சிருந்தா. சர்ட்டிபிகேட் பைலுக்குள்ள. போன மாசம் நான் எடுத்தேன்."

"இந்த வீடுதான் அதுன்னு எப்பத் தெரிஞ்சு?"

"அஸ்திவாரத்துக்குக் கயிறு கெட்டும்போ. ஜன்னல் வார எடத்தைப் பாத்ததும் தெரிஞ்சு. நான் ஒண்ணும் கேக்கல்ல. இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு இருந்தேன். வீடு முடிஞ்சு. பால் காய்ச்சியாச்சு. பேட்டி வந்து. அதுல ஷிஜினுக்க பேரு இருந்து."

"அதுக்கு எதுக்கு ஷிஜின் கையெழுத்தைப் போட்டிய? உங்க பேரையே எழுதியிருக்கலாமே?"

"எனக்க பேரை எழுதினா யாரு நம்புவா மேடம்? டிப்ளமோக்காரன், சைட்டுல நிக்கவன். பொண்டாட்டிக்க வீட்டுக்கு உரிமை கொண்டாடுதான்னு சிரிப்பாங்க. ஷிஜினுக்க பேரைப் போட்டா எல்லாரும் நம்புவாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "எழுதி முடிச்சப்ப நானே பாதி நம்பிட்டேன். பத்து வருசமா அந்தப் பேரை எனக்க மனசுல நானே எழுதிட்டுத்தான இருந்தேன்."

காகிதக் கதவு சத்தமில்லாமல் நகர்ந்தது. ஆன்ஸ்லின் உள்ளே மாடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சுவர்களுக்குள் எல்லாமே கேட்கும்.

"ஷிஜினுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல," என்றாள் கணவனிடம். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டா எனக்குக் கேவலம்னு நெனச்சேன்."

ஷெர்லி அவளைப் பார்த்தாள். "இந்தப் படத்தைக் கண்டதே இல்லன்னு எங்கிட்ட சொன்னிய. நகலைப் பாத்ததுமே உங்களுக்குத் தெரியும், இது உங்க பைல்ல இருந்து போனதுன்னு. எடுத்தது யாருன்னும் தெரியும். பொறவு எதுக்கு எங்கிட்ட வந்திய?"

ஆன்ஸ்லின் தாழ்வாரத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். கையில் வெட்டிய பூங்கொம்பு இருந்தது.

"நீங்க ஷிஜின்தான்னு எழுதித் தந்தா எல்லாம் முடிஞ்சிரும்னு நெனச்சேன். இவரு வாயைத் தொறக்க மாட்டாரு. அது எனக்குத் தெரியும்."

"அப்ப அந்த ஆளை மாட்டி விட்டிருப்பியா நீ?" என்றார் ஜெப்சன்.

"நீங்க அவனுக்க பேரை எழுதலையா?"

ராஜையன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

பிறகு ஆன்ஸ்லின் பேசினாள். ஷெர்லியிடம் பேசுவதுபோலக் கணவனுக்குச் சொன்னாள்.

"அந்தத் தாள் கியோட்டோவுக்கு வந்தன்னைக்கு நான் அழுதேன் அக்கா. சந்தோசத்துல இல்ல. நான் ஸ்காலர்ஷிப் வாங்கிப் படிக்கப் போனவ. வாத்தியார் எனக்க படத்தை எல்லாம் திருப்பித் திருப்பித் தந்திட்டிருந்த நேரம். இவரு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைல அத வரைஞ்சிருக்காரு. இங்கன ஒரு கோட்டை மாத்திப் பாப்பேன், அங்கன ஒரு தூணை மாத்திப் பாப்பேன். எத மாத்தினாலும் வீடு கெட்டுப் போவும். எனக்குன்னு ஒருத்தரு ஆசையா அனுப்பினதுன்னு சந்தோசப்படத் தோணல்ல. இது எனக்கு ஏன் வரல்லன்னுதான் தோணுச்சு. எத்தனை நாள் தோணுச்சுன்னு கேளுங்க. கலியாணத்து அன்னைக்கும் தோணுச்சு."

ஜெப்சன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து வருடமாக இன்னொருவன் மேல் அவர் வைத்திருந்த பொறாமை தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. உண்மையான பொறாமை அவர் வீட்டிலேயே இருந்தது, அவர் மேலேயே இருந்தது.

"பாயை மட்டும் கியோட்டோ அளவுக்கு மாத்தினேன்," என்றாள் ஆன்ஸ்லின். "அதுக்குத் தக்கன எல்லாத் தூணையும் நகத்தி மறுபடி கணக்குப் போட்டேன். எட்டு மாசம் ஆச்சு. அது ஒண்ணு எனக்கது."

"அதுனாலதான் அறை நல்லாருக்கு," என்றார் ஜெப்சன். "நான் வரைஞ்சதுல இடுக்கம்."

ஷெர்லி நகலை மடித்துப் பையில் வைத்தாள்.

"நான் பொய் அறிக்கை எழுத மாட்டேன். ஷிஜினுக்க பேருல இந்தக் கறை நிக்கவும் விடமாட்டேன். நாளைக்கு நடுவர்கள் பத்து மணிக்கு வாறாங்க. எனக்க அறிக்கை பத்தரைக்கு அவங்க கையில இருக்கும். அரை மணி நேரம் உங்க ரெண்டு பேருக்கும்."

* * *

சனிக்கிழமை மூன்று நடுவர்கள் ஆறு பாய் அறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மாடத்தில் நேற்றைய பூங்கொம்பு இருந்தது. ஷெர்லி வாசற்பக்கம் அறிக்கையோடு காத்திருந்தாள்.

பத்து பத்துக்கு ஆன்ஸ்லின் பைலைத் திறந்து, ஜெப்சன் திருப்பித் தந்த, எட்டாக மடிந்த மூலத்தாளை எழுத்து மேசையில் விரித்தாள்.

"இந்த வீட்டை முதல்ல வரைஞ்சது என் கணவர் ஜெப்சன். அளவுகளைத் திருத்தி, இந்த இடத்துக்குப் பொருத்தினது நான். கடிதம் எழுதினதும் அவர்தான். அதுக்குக் காரணம் நான். ஷிஜினுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல."

நடுவர்களில் மூத்த அம்மாள் ஒருவர் தாளை வெகுநேரம் பார்த்தார். ஜெப்சனை உள்ளே கூப்பிட்டார்கள். தன் கையால் இழைத்த அறைக்குள் அவர் இதுவரை விருந்தாளியாக உட்கார்ந்ததில்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் தயங்கி, கடைசியில் மனைவிக்குப் பக்கத்துப் பாயில் முட்டி மடக்கி உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கேள்விகள் கேட்டார்கள். பாதிக்கு அவர் பதில் சொன்னார், பாதிக்கு அவள் சொன்னாள். இரண்டு இடங்களில் இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

ஒற்றைப் பெயரில் வந்த விண்ணப்பத்துக்கு இந்த வருடம் பரிசு தர முடியாது என்று நடுவர்கள் கிளம்பும்போது சொன்னார்கள். இருவர் பெயரில் அடுத்த வருடம் அனுப்பலாம் என்றார்கள். ஆன்ஸ்லின் தலையாட்டினாள். ஆனால் வண்டி மறைந்ததும் அவள் முகம் உடைந்துவிட்டது. எட்டு மாதக் கணக்கும், பரிசுக்கான காத்திருப்பும் ரப்பர் மரங்களுக்கிடையே புழுதியாகப் போயின.

அங்கே நின்றபடியே ஷிஜினுக்குப் போன் செய்தாள். மன்னிப்புக் கேட்டாள். அவன் முழுவதும் கேட்டுவிட்டு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. 'அணைக்கரையில் ஒரு ஜப்பானிய வீடு: கணவனும் மனைவியும் சேர்ந்து வரைந்தது.' ராஜையன் அதை ஷெர்லியின் மேசையில் வைத்து, நம்ம ஆபீஸ் பேரு ஒரு எடத்துலயும் வரல்ல, வடசேரிக்காரன் சந்தோசப்படுவான் என்று புலம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அக்கா, பேப்பர் பாத்தியளா?" ஆன்ஸ்லினின் குரல்.

"பாத்தேன். நல்லா எழுதியிருக்காங்க."

"'ஜெப்சன், ஆன்ஸ்லின்'னு போட்டிருக்கான். அவருக்க பேரு முதல்ல வந்திருக்கு."

ஷெர்லி நெற்றியில் கை வைத்தாள். "அதுல என்ன மக்ளே?"

"அகர வரிசைப்படி பாத்தாலும் 'ஆ'தான முதல்ல வரணும்? போட்டோவுலயும் என்னைப் பாதி மறைச்சுட்டுத்தான் நிக்காரு. நீங்களே பாருங்க."

பின்னாலிருந்து ஜெப்சன் ஏதோ சொல்வது கேட்டது. அடுத்த நொடி ஆன்ஸ்லின் போனை விலக்காமலே திரும்பிச் சொன்னாள்:

"அடுத்த வருசம் விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி பண்ணுவேன். நீங்க பேனாவைத் தொடப்பிடாது."